விலங்கு ஒடிந்தது! பிறகு?

விலங்கு ஒடிந்த கதையைக் கேட்க எல்லோருக்கும் விருப்பம் உண்டு. அடிமை ஓடினான், ஆண்டையின் ஆட்கள் தேடினார்கள், ஆற்றைக் கடந்தான், கரையேறினான் என்று மேடையில் சொன்னால் கூட்டம் கைதட்டும். சிலர் கண்ணீரும் வடிப்பர். ஆனால் கரையேறியவன் மறுநாள் காலையில் என்ன செய்தான்? எங்கே படுத்து எழுந்தான்? யார் அவனுக்கு வேலை கொடுத்தார்கள்? எந்த வேலையைக் கொடுக்க மறுத்தார்கள்? தன் மனத்தில் பட்டதைத் தன் வாயால் சொல்ல அவனால் முடிந்ததா? அல்லது, புதிதாய்க் கிடைத்த நண்பர்கள் வகுத்துத் தந்த பாடத்தைத்தான் ஒப்பிக்க வேண்டியிருந்ததா? இவற்றைக் கேட்பவர் சிலரே.

நாம் இன்று கேட்பது அந்தக் கேள்விகளைத்தான். விலங்கு ஒடிவது ஒரு நாள் நிகழ்ச்சி. அதற்குப் பின்னர் வரும் ஆயிரக்கணக்கான நாட்களில்தான் ஒருவன் உண்மையிலேயே விடுதலை பெற்றானா இல்லையா என்பது தெரியும். இதை விளக்க, அமெரிக்க நாட்டின் கறுப்பின மாவீரர் பிரெடரிக் டக்ளசின் வாழ்வைவிடச் சிறந்த சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

அடிமை ஒழிப்புப் போரின் முன்னணி வீரர் என்று அவரை வரலாறு போற்றுகிறது. ஆபிரகாம் லிங்கனை வெள்ளை மாளிகையில் சந்தித்துத் தம் மக்களுக்காக வாதாடியவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நாம் இங்கே காட்ட விரும்புவது வேறோர் உருவம். கையில் அச்சு மை, மேசையில் கடன் சீட்டு, அடமானத்தில் வீடு, ஆனாலும் அடுத்த வார இதழ் தவறாமல் வரவேண்டும் என்ற துடிப்பு! ஏடு நடத்திய டக்ளஸ், அந்த உருவம்.

பட்டியலில் ஒரு சிறுவன்

1818-இல் மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் மாவட்டத்தில் பிறந்தான் அந்தச் சிறுவன். எந்த நாள்? அவனுக்குக் கடைசிவரை தெரியாது. பின்னாளில் பிப்ரவரி 14 என்று தாமே ஒரு நாளைத் தேர்ந்து வைத்துக்கொண்டார். தந்தை யார்? வெள்ளையன் ஒருவன் என்று ஊர் பேசிற்று; அதற்கு மேல் விவரம் இல்லை. தாய் ஹாரியட் பெய்லி, வேறொரு பண்ணையில் வேலைக்கு விடப்பட்ட அடிமை. பகலெல்லாம் வயலில் உழைத்து, இரவில் 12 கல் தொலைவு நடந்து வந்து, மகனை அணைத்துப் படுத்து, விடியுமுன் திரும்பி ஓடிய தாய். அவனுக்கு ஏழு வயதாகும்போது அவளும் மறைந்தாள். தாய்முகம் கண்டது சில இரவுகள் மட்டுமே. அந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த நினைவுகூட அவனுக்கு இல்லை.

1826-இல் பால்டிமோர் நகரில் இருந்த ஆல்ட் குடும்பத்துக்கு அவனை அனுப்பினர். பழைய ஆண்டை இறந்தபோது, சொத்தைப் பங்கு பிரிக்க அவனை மறுபடியும் பண்ணைக்குக் கொண்டு வந்தனர். குதிரை, மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றோடு ஆண், பெண், குழந்தை எல்லோரையும் வரிசையாக நிறுத்தி விலை மதிப்பிட்டனர். அந்த வரிசையில் நின்றவன், பின்னாளில் குடியரசுத் தலைவர்களோடு உரையாடிய டக்ளஸ்!

பால்டிமோர் வீட்டு அம்மையார் சோபியா, தொடக்கத்தில் இரக்கமுள்ளவர். பையனுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். கணவன் ஹ்யூ ஆல்ட் இதைக் கண்டு சீறினான். எழுத்து படித்தவன் அடிமையாக இருக்கமாட்டான், உடனே நிறுத்து என்று கட்டளையிட்டான். பக்கத்தில் நின்ற சிறுவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். சிறைக்காவலன் வாயாலேயே சிறையின் சாவி எங்கே இருக்கிறது என்று அறிந்துகொண்டான்!

அன்று முதல் தெருவே பள்ளிக்கூடம். வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற ரொட்டித் துண்டை ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குக் கொடுப்பான். அவர்கள் எழுத்தைக் கொடுப்பார்கள். கப்பல் பட்டறையில் பலகைகளின்மேல் தச்சர்கள் குறித்து வைத்த எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகினான். பன்னிரண்டு வயதையொட்டி, காலணிகளுக்கு மெருகு போட்டுச் சேர்த்த 50 சென்ட் காசில் ஒரு நூல் வாங்கினான். பெரும் பேச்சாளர்களின் உரைகளைத் தொகுத்த நூல் அது. விற்பனைப் பொருளாக இருந்த ஒரு சிறுவன் விலை கொடுத்து வாங்கிய முதல் பொருள்களில் ஒன்று, பேச்சுக்கலை நூல்!

1834-இல், அடங்காத அடிமைகளை அடித்து வசப்படுத்துவதையே தொழிலாகக் கொண்ட கோவி என்பவனிடம் ஓராண்டுக்கு அவனை விட்டார்கள். வாரந்தோறும் சாட்டையடி. உடல் ஒடிந்தது, உள்ளமும் ஒடியும் நிலை வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு நாள் அவன் திருப்பிப் பிடித்தான். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடந்தது அந்தக் கைகலப்பு. பதினாறு வயதுப் பையன் தோற்கவில்லை. அதன்பின் கோவி அவன்மேல் கை வைக்கவில்லை.

இரண்டு வெள்ளி நாணயம்

மீண்டும் பால்டிமோர். இப்போது கப்பல் பட்டறைத் தொழிலாளி. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நார் திணித்துக் கீல் பூசி, நீர் புகாமல் அடைக்கும் தொழில். கைத்திறன் மிக்க வேலை, நல்ல கூலி. ஆனால் சனிக்கிழமை இரவு அந்தக் கூலி முழுவதையும் ஹ்யூ ஆல்டிடம் எண்ணி வைக்க வேண்டும். ஆறு டாலர் கொண்டு வந்து கொடுத்தால், சில வேளை ஆறு சென்ட் திருப்பிக் கொடுப்பான் அந்தப் புண்ணியவான்! ஊக்கப்படுத்துகிறானாம். அந்த ஆறு சென்ட், தான் செய்வது திருட்டு என்பதை ஆண்டையே ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக அந்த இளைஞனுக்குப் பட்டது.

1838 செப்டம்பர் 3. கடலோடியின் உடை, நண்பன் ஒருவனிடம் இரவல் பெற்ற கடலோடிச் சீட்டு. சீட்டில் எழுதியிருந்த அங்க அடையாளத்துக்கும் இவன் உருவத்துக்கும் பொருத்தமில்லை. உற்றுப் பார்த்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். இரயில், படகு, மறுபடி இரயில், நீராவிக் கப்பல், மறுபடி இரயில். ஒரு நாள் முடியுமுன் நியூயார்க் சேர்ந்தான். பயணத்துக்குப் பணம் தந்து துணை நின்றவர், வீட்டு வேலை செய்து காசு சேர்த்து வைத்திருந்த அன்னா மர்ரே என்ற கறுப்பினப் பெண். அடிமையாகப் பிறவாத அவர் பின்னால் வந்து சேர்ந்தார். செப்டம்பர் 15-இல் திருமணம். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்போர்டு துறைமுகத்தில் குடித்தனம். பெய்லி என்ற பழைய பெயர் போய், டக்ளஸ் என்ற புதுப் பெயர் வந்ததும் அங்கேதான்.

கதை கேட்போர் கைதட்டும் இடம் இது. நமது கதை தொடங்கும் இடமும் இதுதான்.

நியூ பெட்போர்டு விடுதலை மண். ஆனால் கப்பல் பட்டறையில் அவர் தம் தொழிலுக்குப் போனபோது, கறுப்பன் எங்களோடு நின்று வேலை செய்தால் நாங்கள் வெளியேறுவோம் என்றனர் வெள்ளைத் தொழிலாளர்கள். சாட்டை இல்லாத ஊரிலும் சாதித்திமிர் போன்ற நிறத்திமிர் இருந்தது. திறமையிருந்தும் தொழில் இல்லை. மரம் அறுத்தார், கரி அள்ளினார், மூட்டை சுமந்தார், குப்பை வாரினார். ஒரு வீட்டு வாசலில் கொட்டிக் கிடந்த கரியை உள்ளே எடுத்து வைத்ததற்கு அவர் கையில் விழுந்தன, இரண்டு அரை டாலர் வெள்ளி நாணயங்கள். பறித்துக்கொள்ள எந்த ஆண்டையும் பக்கத்தில் இல்லை. உழைப்பும் தமது, ஊதியமும் தமது என்று அவர் கண்ட முதல் நாள் அது.

மேடையும் வேலியும்

அந்த வறுமையிலும் அவர் வீட்டுக்குள் ஓர் ஏடு வந்தது. வில்லியம் லாயிட் காரிசன் 1831 முதல் பாஸ்டனில் நடத்தி வந்த அடிமை ஒழிப்பு ஏடான லிபரேட்டர். காரிசன் வெள்ளையர்; ஆனால் அடிமை முறையை அணுவளவும் பொறுக்காதவர். தெருவில் கயிறு கட்டி இழுக்கப்பட்டும் கொள்கை மாறாதவர். அவருடைய எழுத்து டக்ளசின் நெஞ்சில் தீ மூட்டிற்று.

1841 ஆகஸ்டில் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்பு மாநாட்டில், 23 வயது டக்ளஸ் முதன்முறையாக வெள்ளையர் நிறைந்த பெருங்கூட்டத்தில் எழுந்து பேசினார். நா தழுதழுத்தது, கால் நடுங்கியது. ஆனால் அவர் பேசி முடித்தபோது அந்த அரங்கமே எழுந்து நின்ற நிலை. மாசச்சூசெட்ஸ் அடிமை ஒழிப்புச் சங்கம் அவரைத் தன் பேச்சாளராக அமர்த்திக்கொண்டது. ஊர் ஊராய்ப் பயணம். கூட்டம் கூட்டமாய் மக்கள்.

நல்ல நிலைதானே என்று தோன்றும். ஆனால் அந்த மேடையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்று இருந்தது. நீங்கள் நடந்ததை மட்டும் சொல்லுங்கள், அதற்கான தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றனர் நண்பர்கள். நாள்தோறும் அதே சாட்டை, அதே தழும்பு, அதே ஓட்டம். டக்ளஸ் நூல்கள் படித்தார், சிந்தித்தார், கொடுமையை விவரிப்பதோடு நிற்காமல் அதைக் கண்டிக்கவும், காரணம் ஆராயவும் விரும்பினார். இவ்வளவு திருத்தமாகப் பேசுகிறவன் அடிமையாக இருந்தவன்தானா என்று கூட்டத்தில் சிலர் ஐயப்பட்டனர். அப்போது நண்பர்கள் தந்த அறிவுரை என்ன தெரியுமா? பேச்சில் கொஞ்சம் பண்ணை வாடை இருக்கட்டும், படித்தவன்போல் தெரிய வேண்டாம்!

இதைச் சொன்னவர்கள் பகைவர்கள் அல்லர். அன்பு உடையவர்கள், அவருக்காகக் கல்லடியும் பட்டவர்கள். எனினும், அடிமைப் பண்ணையில் எழுத்து வேண்டாம் என்ற குரலுக்கும், விடுதலை மேடையில் தத்துவம் வேண்டாம் என்ற குரலுக்கும் ஒரு தூரத்து உறவு இருந்தது. அந்த உறவை டக்ளஸ் உணர்ந்தார். மெல்ல உணர்ந்தார்.

விலை கொடுத்த விடுதலை

ஐயப்பட்டவர்களுக்கு விடையாக, 1845-இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். ஆண்டையின் பெயர், ஊர், பண்ணை எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினார். நான்கே மாதங்களில் ஏறத்தாழ 5,000 படிகள் விற்றன. அந்த நூலின் தொடக்கத்தில் காரிசனின் முன்னுரை. அடுத்து வெண்டல் பிலிப்சின் கடிதம். கறுப்பன் எழுதியது உண்மைதான் என்று வெள்ளையர் இருவர் சான்று கூறினால்தான் நாடு நம்பும் என்ற நிலை. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

உண்மையை எழுதினார், ஆபத்தும் வந்தது. சட்டப்படி அவர் இன்னமும் ஆல்ட் குடும்பத்தின் சொத்து. பிடித்துச் செல்ல ஆள் வரலாம். எனவே ஆகஸ்டில் கடல் கடந்தார். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து என்று ஒன்றரை ஆண்டுக்கு மேல் சுற்றுப்பயணம். விடுதியில் இடம் மறுப்பார் இல்லை. வண்டியில் ஒதுக்கி உட்கார வைப்பார் இல்லை. டப்ளினில், அயர்லாந்து மக்களின் தலைவர் ஓகானல் முழங்கிய மேடையில் தாமும் நின்றார்.

நியூகாசில் நகரத்து ரிச்சர்ட்சன் குடும்பத்துப் பெண்மணிகள் முன்னின்று பணம் திரட்டினர். 150 பவுன் கொடுத்து, 1846 டிசம்பரில் அவருடைய விடுதலைச் சீட்டை வாங்கினர். மனிதனை விலைக்கு வாங்கியது, மனிதன் சொத்து என்பதை ஒப்புக்கொண்டது போலாகாதா என்று தூய கொள்கையாளர் சிலர் கண்டித்தனர். டக்ளசின் நிலை தெளிவானது. பணம் பறித்தவன் கொள்ளைக்காரன். கொள்ளைக்காரனுக்குப் பணம் கொடுத்து உயிர் மீட்டவன் குற்றவாளி ஆகமாட்டான். மேலும், அமெரிக்காவில் தம் மக்கள் முப்பது இலட்சம் பேர் விலங்கில் கிடக்கும்போது, தாம் மட்டும் இங்கிலாந்தில் நல்வாழ்வு வாழ அவர் விரும்பவில்லை. திரும்பிப் போக வேண்டும், போராட வேண்டும். அதற்கு அந்தச் சீட்டுத் தேவை.

1847 வசந்த காலத்தில் கப்பல் ஏறினார். முதல் வகுப்புக்குப் பணம் கட்டியும், மற்றப் பயணிகளோடு கலக்கக் கூடாது என்று கப்பலில் அவரை ஒதுக்கி வைத்தார்கள். விடுதலைச் சீட்டு சட்டைப்பையில், தீண்டாமை கண்ணெதிரே!

வேண்டாம் என்றார் ஆசான்

இங்கிலாந்து நண்பர்கள் இன்னொன்றும் செய்தனர். அவர் சொந்தமாக அச்சு எந்திரம் வாங்கி ஏடு நடத்துவதற்காக ஏறத்தாழ 2,000 டாலர் திரட்டித் தந்தனர். கறுப்பன் ஆசிரியராக அமர்ந்து, கறுப்பன் பொறுப்பில் நடக்கும் நல்லதோர் ஏடு, இந்த இனத்துக்கு அறிவில்லை என்ற பொய்யை வாரந்தோறும் உடைக்கும் என்பது டக்ளசின் எண்ணம்.

பாஸ்டன் வந்து சொன்னார். காரிசன் வேண்டாம் என்றார்!

காரிசன் சொன்ன காரணங்களை இன்று எள்ளி நகையாடுவது எளிது. நாம் அப்படிச் செய்யமாட்டோம். அடிமை ஒழிப்புக்கு ஏற்கெனவே ஏடுகள் இருக்கின்றன. கறுப்பின மக்கள் நடத்திய ஏடுகள் பல நின்று போயின. நியூயார்க்கில் 1827-இல் தோன்றிய, அவர்களின் முதல் ஏடான பிரீடம்ஸ் ஜர்னல் இரண்டே ஆண்டுகளில் மறைந்தது. ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தால் மேடை என்னாகும்? இத்தகைய நாவன்மை படைத்தவர் சந்தாக் கணக்குப் பார்த்து வீணாகலாமா? ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடமே காணாத ஒருவர் பத்திரிகாசிரியர் ஆவதா என்ற அச்சம் டக்ளசின் நெஞ்சிலும் இருந்தது.

அதனால் முதலில் பணிந்தார். திட்டத்தை ஒதுக்கி வைத்ததாக அறிவித்தார். அந்தக் கோடையில் காரிசனும் அவரும் ஒன்றாகவே ஒகையோ மாநிலத்தில் சுற்றுப்பயணம் செய்தனர். இடையில் கிளீவ்லாந்தில் காரிசன் நோயுற்றுப் படுத்தார். டக்ளஸ் பயணத்தைத் தொடர்ந்தார். தொடர்ந்தவர், ஏடு வரப்போகிறது என்று அறிவித்தும் விட்டார். படுக்கையில் கிடந்த ஆசானுக்கு இது ஆறாத புண். அவருடைய வருத்தத்தில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். அறிவித்த முறை இன்னும் கனிவாக இருந்திருக்கலாம். ஆனால் அறிவித்த முடிவு? அதை எடுத்தே ஆக வேண்டும். ஆண்டையை விட்டு ஓட ஒரு துணிவு வேண்டும். அன்பு காட்டியவரின் நிழலை விட்டு விலக அதைவிடப் பெரிய துணிவு வேண்டும்.

லிபரேட்டர் ஏட்டின் எல்லைக்குள் போட்டியாக நிற்க வேண்டாம் என்று, பாஸ்டனை விட்டு நெடுந்தொலைவு தள்ளி, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரைத் தேர்ந்தார். 1847 டிசம்பர் 3-இல் முதல் இதழ் வெளிவந்தது. பெயர் நார்த் ஸ்டார், வடதிசை விண்மீன். இரவில் காடும் சதுப்பும் கடந்து ஓடிய அடிமைகளுக்கு, விடுதலைத் திசை காட்டிய விளக்கு அந்த விண்மீன்தானே!

அச்சகத்தில் எரிந்த விளக்கு

நான்கு பக்க வார ஏடு. ஆண்டுச் சந்தா இரண்டு டாலர். சந்தாதாரர் ஏறத்தாழ 3,000 பேர். வாரச் செலவு 80 டாலர். ஏடு நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் சூடு தெரியும். சந்தா நிலுவை, காகிதக் கடன், கூலி பாக்கி! சில மாதங்களிலேயே வீட்டை அடமானம் வைத்தார். கூட்டம் பேசிக் கிடைத்த பணத்தையும் கொண்டு வந்து கொட்டினார். துணை ஆசிரியராக இருந்த மார்ட்டின் டெலனியும் 1849-இல் விலகினார்.

அந்த ஏட்டை நிற்கவிடாமல் காத்ததில் பெண்களின் பங்கு பெரிது. கணவர் இங்கிலாந்தில் இருந்தபோது லின் நகரில் காலணி தைத்துக் குடும்பம் காத்தவர் அன்னா. எழுத்தறியாத அந்த அம்மையார், எழுத்தையே வாழ்வாகக் கொண்ட கணவருக்கு வீட்டுக் கவலை வராமல் பார்த்துக்கொண்டார். ஓடி வந்த அடிமைகள் நள்ளிரவில் கதவு தட்டினால் எழுந்து உணவும் படுக்கையும் தந்தார். 1849-இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஜூலியா கிரிபித்ஸ், ஏட்டுக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் பிரித்து, நன்கொடையும் விற்பனைக் கண்காட்சியுமாகப் பணம் திரட்டிக் கடனை அடைத்தார். பிள்ளைகள் அச்சுக் கோத்தனர், இதழ்களை மடித்தனர்.

சொந்த ஏடு எதற்கு என்று கேட்டவர்களுக்கு 1848-இல் ஒரு விடை கிடைத்தது. டக்ளசின் மூத்த மகள் ரோசெட்டாவுக்கு ஒன்பது வயது. ராச்செஸ்டரில் பணம் கட்டிப் படிக்கும் பெண்கள் பள்ளியில் சேர்த்தார். குழந்தையை மற்றப் பிள்ளைகளோடு உட்காரவிடாமல் தனியறையில் வைத்தார்கள். தந்தை கேட்டார். மாணவிகளைக் கேட்கலாம் என்றார் தலைமையாசிரியை. யார் பக்கத்தில் ரோசெட்டா உட்காரலாம் என்று கேட்டபோது, என் பக்கத்தில், என் பக்கத்தில் என்றனர் அந்தக் குழந்தைகள்! பின்னர் பெற்றோரைக் கேட்டார்கள். எதிர்த்தவர் ஒரே ஒருவர். அவரும் உள்ளூரில் ஒரு பத்திரிகாசிரியர். அந்த ஒருவர் சொல்லுக்காகக் குழந்தை வெளியேற்றப்பட்டாள். பிறர் ஏடாக இருந்தால் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ! டக்ளஸ் அந்த மனிதருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தைத் தமது ஏட்டிலேயே அச்சிட்டார். நாடு படித்தது.

அதே ஆண்டு ஜூலையில் செனக்கா பால்ஸ் நகரில் பெண்ணுரிமை மாநாடு கூடிற்று. பெண்களுக்கு வாக்குரிமை என்ற தீர்மானத்தை எலிசபெத் கேடி ஸ்டான்டன் முன்மொழிந்தபோது, மாநாட்டுக்கு வந்த பெண்களிலேயே பலர் தயங்கினர். அங்கிருந்த ஒரே கறுப்பினத்தவரான டக்ளஸ் எழுந்து ஆதரித்தார், தீர்மானம் நிறைவேறிற்று. மாநாட்டு அறிக்கை அச்சாகியது நார்த் ஸ்டார் அச்சகத்தில். உரிமைக்கு ஆண், பெண் வேறுபாடு இல்லை, உண்மைக்கு நிறம் இல்லை என்பது அந்த ஏட்டின் நெற்றியிலேயே பொறித்த கொள்கை. ஏட்டின் நெற்றியில் எழுதுவது எளிது; மாநாட்டில் எழுந்து நின்று காப்பதுதான் கடினம். அவர் காத்தார்.

1852 ஜூலை 5-இல், நாட்டு விடுதலை விழாவையொட்டி ராச்செஸ்டரில் அவர் பேசிய பேச்சு இன்றும் அமெரிக்காவில் படிக்கப்படுகிறது. உங்கள் விழா அடிமைக்கு எப்படி விழாவாகும் என்று கேட்ட பேச்சு. அதையும் தாமே அச்சிட்டுப் பரப்பினார். பேசியதைப் பிறர் சுருக்கியும் திரித்தும் போடுவார்களே என்ற கவலை இல்லை. சொல்லும் தமது, அச்செழுத்தும் தமது.

தழும்பைக் காட்டியவர் படைப்பாளி ஆனார்

ஏடு நடத்தியவர் வாரந்தோறும் எழுத வேண்டியிருந்தது. எழுதுவதற்காகப் படிக்க வேண்டியிருந்தது. படித்ததால் சிந்தனை மாறிற்று. அமெரிக்க அரசியல் சட்டமே அடிமைத்தனத்துக்கு ஆதரவான ஒப்பந்தம், அதன் கீழ் வாக்களிப்பதும் பாவம் என்பது காரிசனின் நிலை. டக்ளஸ் நெடுநாள் அதையே சொல்லி வந்தார். பிறகு சட்டத்தைத் தாமே கற்று, அதை அடிமைத்தனத்துக்கு எதிரான கருவியாக்க முடியும், அரசியலில் இறங்கித்தான் போராட வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, 1851-இல் வெளிப்படையாக அறிவித்தார். உறவு முறிந்தது. இருபுறமும் கடுஞ்சொற்கள் பறந்தன. குடும்ப விவகாரம்கூட ஏடுகளில் இழுக்கப்பட்டது. இரு பெரியவர்களுக்கும் பெருமை சேர்க்காத நாட்கள் அவை.

அவ்வாண்டே ஏட்டின் பெயரும் மாறியது; ஆசிரியரின் பெயரே ஏட்டின் பெயர் ஆயிற்று. பிறந்தபோது தேதியற்றவர், பட்டியலில் மாட்டோடு நின்றவர், தமது பெயரையே ஏட்டின் தலைப்பாக்கி வாரந்தோறும் நாட்டின் முன் வைத்தார்.

1853-இல் கதையும் எழுதினார். 1841-இல் கிரியோல் என்ற கப்பலில், வர்ஜீனியாவிலிருந்து விற்பனைக்காகக் கொண்டு செல்லப்பட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்து, கப்பலைக் கைப்பற்றி, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாசோ துறைமுகம் சேர்ந்து விடுதலை பெற்றனர். தலைமை தாங்கியவன் மேடிசன் வாஷிங்டன். அவனை நாயகனாக்கி டக்ளஸ் எழுதிய வீர அடிமை என்ற குறுநாவல்தான் அவருடைய ஒரே புனைகதை. நடந்ததை மட்டும் சொல் என்றார்களே, அவர் கற்பனையும் செய்து காட்டினார்!

1855-இல் தம் வாழ்க்கை வரலாற்றை மீண்டும் விரிவாக எழுதினார். இந்த முறை பண்ணை நாட்களோடு நிற்கவில்லை. விடுதலைக்குப் பின் கண்ட நிறவெறியையும், மேடையில் தமக்கிட்ட வேலியையும் சேர்த்தே எழுதினார். முன்னுரை? முதல் நூலுக்கு வெள்ளையர் இருவர் சான்று தந்ததை வாசகர் நினைவில் வைத்திருப்பார். இரண்டாம் நூலுக்கு முன்னுரை எழுதியவர் ஜேம்ஸ் மக்கூன் ஸ்மித். கறுப்பின மருத்துவர், பேரறிஞர். பத்தாண்டில் நடந்த மாறுதல் முழுவதையும் அந்த ஒரு முன்னுரை சொல்லிவிடுகிறது.

சாம்பலும் நட்டமும்

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. கறுப்பினத்தாரைப் படையில் சேர்க்க வேண்டும் என்று அவர் தம் மாத இதழில் முழங்கினார். மாசச்சூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவுக்கு ஆள் திரட்டினார். லூயிஸ், சார்லஸ் என்ற தம் பிள்ளைகள் இருவரையும் அனுப்பினார். கறுப்பின வீரனுக்குக் குறைந்த சம்பளம் ஏன் என்று கேட்க, 1863 ஆகஸ்டில் லிங்கனைச் சந்தித்தார். படையில் தமக்கு அதிகாரி பதவி வரும் என்று நம்பி, அம்மாதமே இதழை நிறுத்தினார். 16 ஆண்டுப் பத்திரிகைப் பணி முடிந்தது. பதவியோ வரவே இல்லை.

போர் முடிந்தது; அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தந்தையின் அச்சகத்தில் தொழில் கற்ற லூயிசுக்கு 1869-இல் அரசு அச்சகத்தில் வேலை கிடைத்தபோது, அச்சுத் தொழிலாளர் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. நியூ பெட்போர்டில் தந்தைக்கு நடந்தது, 31 ஆண்டு கழித்துத் தலைநகரில் மகனுக்கு நடந்தது. ஏட்டின் வேலை இன்னும் முடியவில்லை! 1870-இல் வாஷிங்டனில் நியூ நேஷனல் ஈரா என்ற ஏட்டை ஏற்றார். 1874-இல் அதுவும் நின்றது. ஏறத்தாழ 10,000 டாலர் நட்டம். அதற்காக அவர் வருந்தவில்லை. இடையில் 1872-இல் ராச்செஸ்டர் வீடு தீப்பிடித்தது. கட்டிச் சேர்த்து வைத்திருந்த பழைய இதழ்த் தொகுதிகள் சாம்பலாயின. ஒருவருடைய வாலிபம் முழுவதும் எரிந்ததற்குச் சமம் அது.

அதன்பின் பெரும் பதவிகள் வந்தன. 1877-இல் தலைநகரின் மார்ஷல். 1889-இல் ஹெய்ட்டி நாட்டுக்குத் தூதர். 1881-இல் மூன்றாம் முறையாக வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1892-இல் அதையும் விரித்தார். 1882-இல் அன்னா மறைந்தார். 1884-இல் ஹெலன் பிட்ஸ் என்ற வெள்ளை இனப் பெண்ணை மணந்தபோது இரு இனத்தாரும் ஏசினர்; பொருட்படுத்தவில்லை. 1895 பிப்ரவரி 20 அன்று பகலில் மாதர் மாநாடு ஒன்றில் கலந்துகொண்டு வீடு திரும்பியவர், அன்று மாலையே உயிர் நீத்தார். அடக்கம் செய்தது ராச்செஸ்டரில். அச்சக விளக்கை அவர் ஏற்றி வைத்த ஊரில்.

ஓடி வந்தவனுக்கு இடம் கொடுத்தார்கள், மேடை கொடுத்தார்கள், விடுதலைச் சீட்டும் வாங்கிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களை அவர் மறக்கவில்லை. ஆனால் தம் சிந்தனைக்கான உரிமையை யாரும் கொடுக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. வீட்டை அடமானம் வைத்து அதை எடுத்துக்கொண்டார். ஏதோ ஒரு தளையிலிருந்து மீண்டு, பிறர் நிழலில் நன்றியோடு நின்றுகொண்டிருக்கும் ஒவ்வோர் இளைஞனையும், ஒவ்வொரு பெண்ணையும் நாம் கேட்கிறோம்: உங்கள் தழும்பைக் காட்டும்போது கைதட்டுகிறார்கள், சரி, உங்கள் கருத்தைச் சொல்லும்போது என்ன செய்கிறார்கள்? அப்போது முகம் சுளிப்பார்களானால், உங்களுக்கும் ஒரு ராச்செஸ்டர் தேவைப்படுகிறது. செலவாகும், நட்டம் வரும், நண்பர்கள் வருந்துவார்கள். இருந்தாலும் புறப்படுங்கள்!